ஒரே லாரி, மூன்று விடியல்

ஒரு லாரி. ஒரே எஞ்சின். ஒரே ஓட்டுநர்.

ஒரு நாள் சாவியைத் திருப்பிய உடனே கிளம்புகிறது. இன்னொரு நாள் கொஞ்சம் இழுத்துக் கிளம்புகிறது. வேறொரு நாள் கிளம்பவே மறுக்கிறது.

வண்டி அதேதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? வாருங்கள், படித்துத் தெரிந்துகொள்வோம்.

1. வடக்கே போன லாரி

நவம்பர் மாதக் கடைசி. நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி வடக்கே புறப்பட்டது. வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓட்டுநர். வயது 50. இருபத்தைந்து ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். பழைய லாரிகளில் கை தேர்ந்தவர். இந்தப் புதிய லாரி அவர் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

இன்னொருவர் கிளீனர். வயது 32. எழுத்தறிவு மையத்தில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். டீசல் போட்ட கணக்கு, சுங்கக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் அதில் எழுதுவார். வண்டி எப்படிக் கிளம்பியது என்பதையும் எழுதுவார்.

"இதை எதற்கு எழுதுகிறாய் தம்பி?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்கிறார் இல்லைங்களா அண்ணா? அது போலத்தான் இதுவும்" என்றார் கிளீனர்.

டெல்லியில் சரக்கை இறக்கினார்கள். அங்கே ஸ்ரீநகருக்கு வேறு சரக்கு கிடைத்தது. அதை இறக்கிவிட்டுக் காஷ்மீர் ஆப்பிள் ஏற்றினார்கள். திரும்பும் வழியில் காஜிகுண்டு என்ற ஊர். முன்னால் மலைப் பாதையில் மண் சரிந்துவிட்டது. போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கான லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு இரவுகள் கடந்தன.

மூன்றாம் நாள் காலை பாதை திறந்தது. முன்னால் நின்ற லாரிகள் நகர்ந்தன. நம் லாரி மட்டும் கிளம்பவில்லை.

கிளீனரின் நோட்டில் இப்படி எழுதியிருந்தது:

நாகபுரி. பிற்பகல் 2 மணி. வெயில். 1 மணி நேரம் நின்றது. 1 வினாடியில் கிளம்பியது.

லூதியானா. காலை 5 மணி. குளிர். 8 மணி நேரம் நின்றது. 3 வினாடியில் கிளம்பியது.

காஜிகுண்டு. காலை 6 மணி. உறைபனி. 2 இரவு நின்றது. கிளம்பவில்லை.

இந்த மூன்று வரிகளிலேயே விடை இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் டீசல் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று தெரிய வேண்டும்.

2. தீப்பொறி இல்லாத தீ

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தர ஒரு பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது இல்லை. பிறகு டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். நாலைந்து முறை வேகமாக அடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும்.

டீசல் எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. 17 குடம் காற்றை ஒரே குடத்துக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்? ஏறத்தாழ அந்த அளவுக்குப் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசல் புகை போல நுண்ணிய துளிகளாகப் பீச்சப்படுகிறது. உடனே தானாகத் தீப்பிடிக்கிறது.

இந்த முறையைக் கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் ருடால்ஃப் டீசல். அவருடைய எஞ்சின் 1897 ஆம் ஆண்டு வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரே எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் வந்தது.

ஆகவே டீசல் எஞ்சின் கிளம்ப மூன்று வேண்டும்.

ஒன்று, வேகமான சுற்று. செல்ஃப் மோட்டார் எஞ்சினை வேகமாகச் சுற்ற வேண்டும்.

இரண்டு, போதுமான சூடு. உள்ளே அழுத்தப்படும் காற்று நன்றாகச் சுட வேண்டும்.

மூன்று, சரியான டீசல். சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான அழுத்தத்தில் வர வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் எடுக்காது.

3. குளிர் என்ன செய்கிறது?

குளிர் இந்த மூன்றையும் கெடுக்கிறது.

முதலில் பேட்டரி. லாரியில் பொதுவாக 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து 24 வோல்ட் தரும். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. குளிரில் அந்த வேலை மெதுவாகிறது. கடும் குளிரில் பேட்டரியின் பலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது எஞ்சின் ஆயில். தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். மார்கழியில் கெட்டியாகிறது. எஞ்சின் ஆயில் அவ்வளவு உறையாது. ஆனாலும் குளிரில் தடிக்கும். தடித்த ஆயிலுக்குள் எஞ்சினைச் சுற்றுவது கடினம். பேட்டரியின் பலம் குறையும் நேரத்தில்தான் அதற்கு வேலை கூடுகிறது.

மூன்றாவது சூடு. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று கசிந்துவிடும். அதன் சூட்டைக் குளிர்ந்த இரும்பும் உறிஞ்சிக்கொள்ளும். டீசல் உள்ளே வந்தும் தீப்பிடிக்காமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும்.

நான்காவது டீசல். டீசலில் மெழுகுப் பொருள் கரைந்திருக்கிறது. கடும் குளிரில் அது துகளாகப் பிரியும். ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நம் நாட்டுத் தர விதியில் டீசலுக்குக் கோடைக்கால அளவு, குளிர்கால அளவு என்று இரண்டு உண்டு. லடாக்கில் இன்னும் கடுமையான குளிர். அங்கே சாதாரண டீசல் உறைந்துபோகும். அதற்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் தனிக் குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. அது பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாது.

உயரமும் ஒரு காரணம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருக்கும். கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான் கிடைக்கும். காற்று குறைந்தால் எஞ்சின் எடுப்பதும் கடினம்.

4. புதிய எஞ்சினுக்கு ஒரு மூளை

பழைய லாரியில் டீசல் பம்ப் முழுவதும் இயந்திர வேலை. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டீசல் கூடும். விட்டால் குறையும். குளிர்காலத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே செல்ஃப் அடிப்பார்கள்.

புகையைக் குறைக்க அரசு விதிகள் கொண்டுவந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 4 விதி நாடு முழுவதும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. இதனால் எஞ்சின்கள் மாறின. இப்போது எஞ்சினில் ஒரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. அதை எஞ்சினின் மூளை என்று சொல்லலாம்.

இந்த மூளைக்குக் கண்ணும் காதும் போல இருப்பவை சென்சார்கள். எஞ்சின் தண்ணீர் எவ்வளவு சூடு? உள்ளே வரும் காற்று எவ்வளவு குளிர்? எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? டீசலின் அழுத்தம் எவ்வளவு? இவற்றையெல்லாம் சென்சார்கள் சொல்லும். மூளை கணக்குப் போடும். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்று முடிவு செய்யும்.

டீசல் முதலில் ஒரு தடித்த குழாயில் சேர்கிறது. அதற்குக் காமன் ரெயில் என்று பெயர். அங்கே அழுத்தம் ஏற வேண்டும். லாரி டயரில் சுமார் 110 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்தக் குழாயிலோ எஞ்சின் கிளம்புவதற்கே சுமார் 3,000 பவுண்டு அழுத்தம் வேண்டும். ஓடும்போது அது 20,000 பவுண்டையும் தாண்டும். போதிய அழுத்தம் ஏறும் வரை மூளை டீசலை உள்ளே விடாது. அதனால்தான் செல்ஃப் சுற்றிய பிறகும் ஒன்றிரண்டு வினாடி தாமதம் ஆகிறது.

குளிர் அதிகமானால் மூளை இன்னொரு வேலையும் செய்யும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரைப் போடும். பல வண்டிகளில் அப்போது டாஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற ஒரு விளக்கு எரியும். அது அணையும் வரை காத்திருக்க வேண்டும். வெயில் ஊரில் அந்த விளக்குக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அதனால் தெற்கே ஓட்டும் பலருக்கு அதைத் தெரியாது.

இப்போது நோட்டை மறுபடி பாருங்கள். நாகபுரியில் எஞ்சின் சூடாக இருந்தது. ஹீட்டர் தேவையில்லை. உடனே எடுத்தது. லூதியானாவில் இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்தது. மூன்று வினாடி ஆனது. இவை இரண்டும் கோளாறு அல்ல. எஞ்சினின் இயல்பு.

5. காஜிகுண்டில் நடந்தது

காஜிகுண்டுக்கு வருவோம். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். விளக்கைப் பார்க்கவில்லை. பழைய பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே செல்ஃப் அடித்தார். எஞ்சின் முனகி முனகிச் சுற்றியது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் அடித்தார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன.

"தம்பி, பழைய துணியையும் கொஞ்சம் டீசலையும் எடு. ஆயில் சேம்பருக்குக் கீழே தீ மூட்டுவோம். சூடானால் எடுத்துவிடும்" என்றார்.

கிளீனர் தயங்கினார். அப்போது அடுத்த லாரியிலிருந்து ஒரு முதிய ஓட்டுநர் இறங்கி வந்தார். அவர் சங்ககிரிக்காரர். காஷ்மீர் வழியில் பல ஆண்டு ஓட்டியவர்.

"வேண்டாம் தம்பி. தீ மட்டும் வைக்காதீங்க. சேம்பரைச் சுற்றி ஆயில் கசிவு இருக்கும். வயர் இருக்கும். ஒரு பொறி பட்டால் வண்டியும் போகும், ஆளும் போகும்" என்றார்.

"என்னங்க மாமா செய்யறது? ஆப்பிள் அழுகினால் வாடகை கிடைக்காது. வண்டிக்குத் தவணை கட்டணும்."

"பதறாமல் இருங்க. முதலில் பேட்டரியைப் பார்ப்போம்."

பேட்டரிப் பெட்டியைத் திறந்தார்கள். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இரண்டு இரவும் கேபின் விளக்கு எரிந்தது. பாட்டு ஓடியது. போன் சார்ஜ் ஆனது. போதாததற்குச் சற்று முன் அடித்த செல்ஃப் வேறு.

எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தார்கள். கிளீனர் முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றினார். பிறகு பிளஸ் ஒயரைக் கழற்றினார். பூத்திருந்ததை வெந்நீரால் கழுவித் துடைத்தார். முதலில் பிளஸ், பிறகு மைனஸ் என்று மாட்டி இறுக்கினார். முதியவர் தன் லாரியை அருகில் கொண்டுவந்தார். அதுவும் 24 வோல்ட் வண்டி. பிளஸ்ஸுக்குப் பிளஸ் கேபிள் கொடுத்தார்கள். மைனஸ் கேபிளைக் கடைசியாகப் பேட்டரிக்குத் தள்ளி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் பிடித்தார்கள். மாற்றிக் கொடுத்தால் அந்த மின்னணு மூளையே எரிந்துவிடும்.

"இப்போது சாவியைப் போடுங்க. செல்ஃப் அடிக்காதீங்க. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுங்க" என்றார் முதியவர்.

டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்தது. கிளீனர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபதை நெருங்கும்போது விளக்கு அணைந்தது.

"இப்போ அடிங்க."

எஞ்சின் வேகமாகச் சுற்றியது. ஆறாவது வினாடியில் எடுத்தது. வெள்ளைப் புகை வந்தது. கொஞ்சம் நடுங்கியது. ஒரு நிமிடத்தில் சீராக ஓடியது.

ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஒரு விளக்கைப் பார்க்கத் தெரியவில்லை" என்றார்.

"வண்டி மாறிவிட்டது. நாமும் மறுபடி படிக்கணும். அவ்வளவுதான்" என்றார் முதியவர்.

6. இயல்பா, கோளாறா?

வண்டி கிளம்புவதில் வேறுபாடு இருக்கலாம். எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சில அடையாளங்கள் இதோ:

செல்ஃப் சுற்றவே இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பேட்டரி மெயின் சுவிட்ச் போட்டிருக்கிறதா? பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் சுற்றும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. அல்லது டக் என்ற சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரியையும் அதன் முனைகளையும் கேபிளையும் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் எடுக்கவில்லை. புகையும் இல்லை. டீசல் உள்ளே போகவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா? ஃபில்டர் அடைத்திருக்கிறதா? காற்று புகுந்துவிட்டதா? சென்சார் பழுதாகவும் இருக்கலாம்.

வெள்ளைப் புகை வருகிறது. ஆனால் எடுக்கவில்லை. டீசல் வருகிறது. சூடுதான் போதவில்லை. ஹீட்டரைச் சோதிக்க வேண்டும்.

குளிர் இல்லாத ஊரிலும் தினமும் காலையில் மட்டும் தாமதம். இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறதோ என்று பாருங்கள். குழாய் இணைப்பில் காற்று கசியலாம்.

சூடாக இருக்கும்போது மட்டும் தாமதம். இது இயல்புக்கு மாறானது. இன்ஜெக்டரோ பம்போ தேய்ந்திருக்கலாம். சென்சாரும் காரணமாகலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இங்கேதான் நோட்டு உதவுகிறது. "சில நேரம் எடுக்கவில்லை" என்றால் மெக்கானிக்குக் குழப்பம்தான். எந்த ஊர், எத்தனை மணி, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை வினாடி ஆனது என்று எழுதிக் காட்டுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். வீண் செலவும் குறையும்.

7. உயிரைக் காப்போம்

வண்டி கிளம்பாதபோது அவசரம் வரும். அவசரத்தில் ஆபத்தும் வரும். இவற்றை மறக்க வேண்டாம்:

எஞ்சினுக்கோ டீசல் டேங்குக்கோ கீழே தீ மூட்டக் கூடாது.

காற்று போகும் குழாயில் பெட்ரோல் துணியை வைக்கக் கூடாது. ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது வெடிக்கும்.

புதிய எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே சதை அழுகும். கையையே எடுக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏர் எடுக்க ஃபில்டர் அருகில் உள்ள கைப் பம்பைப் பயன்படுத்துங்கள்.

செல்ஃப் மோட்டாரை ஒரே மூச்சில் நெடுநேரம் அடிக்கக் கூடாது. 10 வினாடி அடியுங்கள். ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் எரிந்துவிடும்.

குளிருக்காக மூடிய கேபினில் கரி அடுப்பு வைத்துத் தூங்கக் கூடாது. காலையில் கிளம்பாதோ என்று பயந்து இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் ஆபத்து. இரண்டிலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு வாசனை இல்லை. நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

8. நினைவில் கொள்வோம்

சாவியைப் போடுவோம். விளக்குகளைப் படிப்போம். ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருப்போம்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் கிளப்புவோம். டீசல் அளவை எஞ்சினின் மூளை பார்த்துக்கொள்ளும்.

பேட்டரி முனைகளைச் சுத்தமாக வைப்போம்.

ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிப்போம்.

குளிர் ஊருக்குப் போனால் அந்த ஊர் டீசலைப் போடுவோம்.

வண்டியோடு வரும் கையேட்டைப் படிப்போம். அந்த வண்டிக்கு உரிய முறை அதில்தான் இருக்கும்.

9. பேசுவோம், எழுதுவோம்

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமல் டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது?

குளிரில் பேட்டரிக்கு என்ன ஆகிறது?

ஓட்டுநர் தீ மூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? குழுவில் பேசுங்கள்.

உங்கள் ஊரில் லாரி, பஸ், டிராக்டர் ஓட்டுபவர் யாராவது இருப்பார். அவரிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் அனுபவத்தைக் கேட்டு எழுதுங்கள்.

உங்களிடம் டிராக்டரோ டீசல் பம்ப்செட்டோ இருக்கிறதா? ஒரு வாரம் தினமும் அது எப்படிக் கிளம்பியது என்று நோட்டில் எழுதுங்கள்.

காஜிகுண்டுக்குப் பிறகு நம் கிளீனர் தன் நோட்டில் ஒரு வரி சேர்த்தார்:

காஜிகுண்டு. காலை 7 மணி. விளக்கு அணைந்தபின் அடித்தோம். 6 வினாடி. கிளம்பியது.

அன்று முதல் அந்த நோட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று கிளீனருடையது. இன்னொன்று ஓட்டுநருடையது.